வீட்டுச் சாமான்களை நாமே பேக் செய்வது: எதை நாம் கட்டலாம், எதை விட்டுவிடலாம்?

ஜன்னலோரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் வீடு மாறுகிறோம். வண்டிக்கும் தூக்கி ஏற்றுகிற ஆட்களுக்கும் ஒரு நிறுவனத்தோடு பேசி முடித்துவிட்டோம். பேக்கிங்கை மட்டும் நாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறோம். செலவு ஒரு காரணம். நம் பொருளை நம் கையால் கட்டினால் மனம் நிம்மதியாக இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

சாமான் நிலவரம் இதுதான்: புத்தகங்கள் நிறைய. மாமியார் பல வருடங்களாகச் சேர்த்த பீங்கான், கண்ணாடிச் சாமான்கள். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், பெரிய டிவி. துகள்பலகையில் (பார்ட்டிகிள் போர்டு) செய்த பிரித்து மாட்டும் அலமாரிகள் இரண்டு. மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், அதையும் கவனமாகக் கொண்டுபோக வேண்டும்.

என் கேள்விகள்: எந்த அளவுப் பெட்டி வாங்குவது? போர்வை, துண்டு, பழைய துணிகளையே அடைக்கப் பயன்படுத்திக்கொண்டால் போதாதா? நாங்கள் கட்டவே கூடாத பொருள் என்று எதுவும் இருக்கிறதா?

—

பழையலோடு

பல வருடம் சாமான் ஏற்றி இறக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்களே கட்டுவது நல்ல முடிவுதான். ஆனால் பெட்டியை நிரப்பும்போது அந்த அறையை நினைக்காதீர்கள், அதைத் தூக்கப்போகிற கையை நினையுங்கள். வீட்டில் கட்டப்படும் பெட்டிகளில் நாங்கள் பார்க்கும் கோளாறு பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, தூக்க முடியாத கனம். இன்னொன்று, உள்ளே வெற்றிடம்.

முதலில் கனம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தூக்கும் வேலைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதில் எல்லாமே சாதகமாக இருந்தாலும், அதாவது பொருள் உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், நல்ல பிடியோடு இருந்தாலும், தொடக்க எடை 23 கிலோதான். குனிவது, திரும்புவது, கை நீட்டுவது என்று ஒவ்வொன்றும் சேரச் சேர அந்த எண் குறைந்துகொண்டே வரும். வீடு மாறும்போது படிக்கட்டு, வாசல் திருப்பம், வண்டி உயரம் எல்லாம் உண்டு. ஆகவே ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறை எடைமேடையில் பெட்டியை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து வெற்றிடம். அட்டைப்பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளிலும் செங்குத்துச் சுவர்களிலும் இருக்கிறது, மேல்மூடியில் இல்லை. முக்கால் பங்கு நிரப்பிய பெட்டியின் மேல் இன்னொன்றை வைத்தால் மூடி உள்ளே குழியும், சுவர் வெளியே பிதுங்கும், அப்புறம் அடுக்கே சாயும். நிரப்பி முடித்ததும் மூடியைக் கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போகக்கூடாது, மேலே உப்பவும் கூடாது.

அடுக்கும்போது செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி வைக்காதீர்கள். மூலைக்கு நேராக மூலை வர வேண்டும். ஒரே அளவுப் பெட்டிகளாக வாங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். இரண்டு அளவு போதும்: கனத்துக்குச் சின்னது, பஞ்சணைக்கும் துணிக்கும் பெரியது.

—

ஏடுபலகை

புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நூலகம் ஒன்றை இடம் மாற்றிய அனுபவம் உண்டு.

புத்தகம் எவ்வளவு கனம் என்பது அலமாரியில் இருக்கும்போது தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டு ஏறக்குறைய 2.5 கிலோ. 40க்கு 30க்கு 30 செ.மீ. பெட்டி என்றால் 36 லிட்டர் கொள்ளளவு. அதில் இடைவெளி இல்லாமல் புத்தகம் அடுக்கினால் சுலபமாக 25 கிலோவைத் தொடும். பார்க்க நடுத்தரப் பெட்டிதான், ஆனால் பழையலோடு சொன்ன எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே பாதிப் பெட்டிக்குப் புத்தகம், மீதிக்குத் தலையணை உறை, சட்டை என்று லேசானவற்றை வையுங்கள். இல்லாவிட்டால் இன்னும் சின்னப் பெட்டி எடுங்கள். சக்கரம் வைத்த சூட்கேஸ் இருந்தால் புத்தகத்துக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

அடுக்கும் விதமும் முக்கியம். படுக்க வைக்கலாம். அலமாரியில் நிற்பது போல நிற்க வைக்கலாம். முதுகு கீழே இருக்கும்படியும் வைக்கலாம். முதுகு மேலேயும் திறக்கும் ஓரம் கீழேயும் வருகிற மாதிரி மட்டும் வைக்கக்கூடாது. வண்டி குலுங்கக் குலுங்கத் தாள்களின் கனம் முழுக்கத் தையலையும் பசையையும் கீழே இழுக்கும், அட்டை தனியாக வந்துவிடும். கெட்டி அட்டைப் பெரிய புத்தகங்களை அடியில் படுக்க வைத்து அதன்மேல் சின்னவை வைப்பது நல்லது.

பெட்டியின் அடியில் நடு இணைப்பில் ஒரு டேப் ஒட்டினால் போதாது. நடுவில் நீளமாக ஒன்று, இரண்டு ஓரங்களில் குறுக்காக ஒவ்வொன்று ஒட்டுங்கள். நான்கு மடல்களையும் ஒன்றுக்குள் ஒன்று சொருகி டேப் இல்லாமல் மூடும் வழக்கத்தைப் புத்தகப் பெட்டிக்கு விட்டுவிடுங்கள், அது கனத்தைத் தாங்காது.

—

பீங்கான்வாசனை

ஜன்னலோரம், உங்கள் மாமியாரின் பீங்கான் என்றதும் எனக்குக் கவலை வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெட்டி ஐந்து அடுக்கு அட்டையாக இருக்கட்டும். மூன்று அடுக்கு அட்டை துணிக்குச் சரி, இதற்கு வேண்டாம். அடியில் கசக்கிய தாளை நான்கு விரல் உயரத்துக்குப் போடுங்கள். மடித்த தாள் அல்ல, கசக்கிய தாள். மடிப்பில் காற்று இல்லை, கசக்கலில்தான் அதிர்ச்சியை வாங்கும் இடம் இருக்கிறது.

தட்டுகளைப் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் அடித்தட்டு மேலே உள்ள எல்லாவற்றின் கனத்தையும் தாங்கிக்கொண்டு வர வேண்டும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்தச் சுமை நொடியில் பல மடங்காகும், அடித்தட்டு நடுவில் விரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, விளிம்பில் நிற்க வையுங்கள். அப்போது ஒவ்வொரு தட்டும் தன் கனத்தை மட்டும் தாங்கினால் போதும். கிண்ணங்களும் அப்படியே.

டம்ளர், கோப்பைகளுக்கு முதலில் உள்ளே தாள் திணித்து, அப்புறம் வெளியே சுற்ற வேண்டும். கைப்பிடிக்குத் தனியாக ஒரு சுற்று. இவற்றைப் படுக்க வைக்கக்கூடாது, நிற்க வைக்க வேண்டும். கண்ணாடிக் கோப்பையின் பக்கச் சுவர்தான் மெல்லியது. இடையே அட்டைத் தடுப்புகள் வைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் கிடக்கும் பழைய பெட்டியை வெட்டியே செய்துகொள்ளலாம்.

தாள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: செய்தித்தாளின் மை கையில் ஒட்டுவது போலவே பளபளப்புப் பூச்சு இல்லாத பீங்கானிலும் மண்பாண்டத்திலும் ஒட்டும், சில சமயம் போகவே போகாது. பொருளைத் தொடும் முதல் சுற்று அச்சில்லாத வெற்றுத் தாளாக இருக்கட்டும். அதற்கு வெளியே செய்தித்தாள் தாராளமாகப் போடலாம்.

பபிள் ராப் பற்றியும் ஒரு வார்த்தை. 1957இல் இரண்டு பொறியாளர்கள் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் போய்க் கிடைத்த பொருள் அது, பேக்கிங்குக்கு வந்தது பிறகுதான். குமிழ்ப் பக்கம் பொருளைப் பார்த்து இருக்க வேண்டும். ஆனால் மெருகேற்றிய மரத்தின் மீதும் எண்ணெய் வண்ண ஓவியத்தின் மீதும் நேரடியாகச் சுற்றாதீர்கள், வெயில் சூட்டில் குமிழ் வட்டங்கள் மேற்பரப்பில் அச்சாகப் பதிந்துவிடும். ஒரு வெற்றுத் தாளோ பருத்தித் துணியோ இடையில் வேண்டும்.

பெட்டி முடிந்ததும் மூடுவதற்கு முன் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் இன்னும் தாள் வேண்டும். சத்தம் அடியோடு நிற்கும்வரை அந்தப் பெட்டி முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

—

நாலாவதுமாடி

துணியைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே! நான் எப்போதும் துண்டு, போர்வையால்தான் சுற்றுவேன். எப்படியும் அவற்றைக் கொண்டுபோக வேண்டும், தாளுக்கும் தனிச் செலவில்லை. பாத்திரம், மிக்ஸி, விளக்கு எல்லாம் நன்றாகவே வந்து சேர்ந்திருக்கின்றன.

—

பீங்கான்வாசனை

நாலாவதுமாடி, எவர்சில்வர் பாத்திரத்துக்கும் மிக்ஸிக்கும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கண்ணாடிக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துணி அழுத்தத்தில் தட்டையாகிவிடும், மறுபடி எழும்பாது. பல மணி நேரம் வண்டி அதிர்ந்தால் துணி கீழே இறங்கி மேலே இடைவெளி விழும். தாள் கசக்கல் அப்படியல்ல, திரும்ப விரியப் பார்க்கும். ஒரு நடுவழி உண்டு: கண்ணாடியைத் தாளில் சுற்றி, பெட்டியின் அடியிலும் ஓரங்களிலும் மேலேயும் துண்டுகளைத் திணியுங்கள். தாளும் மிச்சம், பொருளும் பத்திரம்.

—

கணக்குப்புள்ளி

இதுவரை யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது, அது பொறுப்பு. ஜன்னலோரம் எடுக்கும் முடிவு இதைப் பொறுத்துத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சாமான் மாற்றும் நிறுவனங்கள் பட்டியல் எழுதும்போது, வீட்டுக்காரர் கட்டிய பெட்டிகளை 'உரிமையாளர் கட்டியது' என்று தனியாகக் குறிப்பார்கள். உள்ளே இருப்பதை அவர்கள் பார்க்கவில்லை, எப்படிச் சுற்றப்பட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே வெளியே அடிபட்ட அடையாளம் இல்லாமல் உள்ளே உடைந்திருந்தால் அதற்கு அவர்கள் பொறுப்பேற்பதில்லை. காப்பீட்டு ஒப்பந்தங்களும் பெரும்பாலும் இதே போக்குதான்: பெட்டியே காணாமல் போனால் ஈடு உண்டு, உள்ளே உடைந்ததற்கு இல்லை. என் உறவினர் ஒருவருக்கு நடந்தது இதுதான். பெட்டி அப்படியே இருந்தது, உள்ளே விளக்குக் கூடு நொறுங்கியிருந்தது. நீங்கள்தானே கட்டினீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

அதனால் எல்லாவற்றையும் நாமே, அல்லது எல்லாவற்றையும் அவர்களே என்று யோசிக்க வேண்டாம். பிரித்துக்கொள்ளுங்கள். புத்தகம், துணி, பாத்திரம், பொம்மை, படுக்கை எல்லாம் நீங்கள். டிவி, பெரிய நிலைக்கண்ணாடி, கண்ணாடி மேசைப்பலகை, கல் பலகை, அந்தப் பீங்கானில் விலை உயர்ந்த சிலவற்றை மட்டும் அவர்கள் கட்டட்டும். உங்கள் பெட்டிகளில் எந்த வகை இழப்புக்கு ஈடு உண்டு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு மதிப்புள்ள பொருளையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இறக்கிய அன்றே வெளியே நசுங்கிய பெட்டிகளை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பட்டியலில் குறிக்கச் சொல்லுங்கள்.

நகை, பத்திரம், சான்றிதழ், பாஸ்போர்ட் இவை வண்டியில் ஏறவே கூடாது. உங்கள் கைப்பையில்தான்.

—

ஜன்னலோரம்

கணக்குப்புள்ளி, மிக்க நன்றி. இன்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன வரி அதில் இருக்கிறது. டிவியையும் நிலைக்கண்ணாடியையும் அவர்களிடமே விட முடிவு செய்துவிட்டோம். பீங்கானில் எதை யாரிடம் விடுவது என்று மாமியாரே பிரிக்கிறார்.

இயந்திரங்கள் பற்றி யாராவது சொல்லுங்களேன். கண்ணாடியில் டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டினால் உடையாது என்கிறார்கள், உண்மையா?

—

திருகாணி

டேப் ஒட்டினாலும் கண்ணாடி உடையும். உடைந்தால் சில்லு சிதறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் பயன். நிலைக்கண்ணாடி, கல் பலகை, டிவி மூன்றும் நின்றபடியே போக வேண்டும். படுக்க வைத்தால் தன் கனத்தாலேயே நடுவில் வளையும்.

வாஷிங் மெஷின்: முன்கதவு வகையில் உள்ளே டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. வாங்கியபோது பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் இருந்திருக்கும், மாட்ட வந்தவர் கழற்றிக் கொடுத்திருப்பார். அவற்றைத் தேடி எடுத்து மறுபடி பூட்டாமல் வண்டியில் ஏற்றக்கூடாது. வழி முழுக்க டிரம் ஆடி ஸ்பிரிங்கும் தாங்கிகளும் கெட்டுவிடும். போல்ட் காணவில்லை என்றால் அந்த மாடல் எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரிடமே கேட்டு வாங்குங்கள். இன்னொரு மாடலின் போல்ட் பொருந்தாது. கீழே உள்ள வடிகட்டியைத் திறந்து மீதித் தண்ணீரை வடித்துவிடுங்கள். புது வீட்டில் ஓட்டுவதற்கு முன் போல்ட்டுகளை நினைவாகக் கழற்ற வேண்டும்.

ஃபிரிட்ஜ்: முதல் நாளே அணைத்து, பனி உருகி, உள்ளே துடைத்துக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். நிமிர்ந்தே போகட்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும். வேறு வழியில்லாமல் படுத்தே வந்திருந்தால் ஒரு நாள் நிற்க விட்டு அப்புறம் இணைப்புக் கொடுங்கள். நிமிர்ந்தே வந்திருந்தாலும் சில மணி நேரம் பொறுப்பது நல்லது. புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்600ஏ என்ற எரியும் தன்மையுள்ள வாயு இருக்கிறது, பின்பக்க லேபிளில் எழுதியிருக்கும். குழாயில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கணினியில் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்து, அந்த நகலை வேறு பையில் வையுங்கள். பின்பக்கக் கம்பிகளைக் கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள். கழற்றிய திருகாணிகளை ஜிப் கவரில் போட்டு, கவர்மேல் எந்தச் சாமானுடையது என்று எழுதி, எல்லாக் கவர்களையும் ஒரே டப்பாவில் வையுங்கள். சாமானிலேயே ஒட்டிவைப்பவர்களும் உண்டு, ஆனால் வழியில் உரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

—

மரத்தூள்

துகள்பலகை அலமாரி பற்றி: பிரித்தால் கெடும், பிரிக்காமல் தூக்கினால் இன்னும் கெடும். துகள்பலகையில் திருகு பிடித்திருக்கும் துளை ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் தளரும். பிரிக்காமல் சாய்த்துத் தூக்கினால் மூலை இணைப்பு கிழிந்தே போகும். உள்தட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு பேராகக் கீழிருந்து தூக்க முடிகிற அளவென்றால் அப்படியே கொண்டுபோகலாம். உயரமான அலமாரியை முழுக்கப் பிரிப்பதே மேல். தளர்ந்த துளையில் மரப்பசை தொட்ட தீக்குச்சித் துண்டைச் செலுத்திக் காயவிட்டுத் திருகினால் பிடித்துக்கொள்ளும்.

இழுப்பறைகளில் துணியை வைத்தபடியே கொண்டுபோகச் சொல்வார்கள். கெட்டி மரமென்றால் லேசான துணி இருக்கலாம். துகள்பலகை என்றால் இழுப்பறையைக் காலி செய்துவிடுங்கள்.

—

இரவுப்பணி

மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், இன்சுலினுக்காக மட்டும் எழுத வந்தேன்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். குளிர் பைக்குள் ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைக்காதீர்கள், உறைந்த இன்சுலினை மறுபடி பயன்படுத்தவே கூடாது. ஐஸ் பொதியைத் துண்டில் சுற்றி, அதற்கும் மருந்துக்கும் இடையில் இன்னொரு துணி வையுங்கள். இப்போது பயன்பாட்டில் இருக்கும் பேனாவை அறை வெப்பத்தில் எத்தனை நாள் வைக்கலாம் என்று மருந்தோடு வரும் தாளில் இருக்கும், வகைக்கு வகை மாறும். சர்க்கரை பார்க்கும் கருவி, ஊசிகள், மருத்துவரின் சீட்டு எல்லாம் அம்மாவின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாமான் வண்டி தாமதமாகலாம், வேளை மருந்து தாமதமாகக் கூடாது.

கழிவறை சுத்தம் செய்யும் அமில திரவத்தையும் குளோரின் பிளீச்சையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். இரண்டும் ஒழுகிக் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய வண்டிக்குள் அது ஆபத்து. அரைக்குப்பி மிச்சத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவதே நல்லது.

—

பழையலோடு

இரவுப்பணி சொன்னதோடு சேர்த்து: கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், தின்னர், பெயின்ட், அழுத்தமூட்டிய ஸ்ப்ரே டப்பா எதையும் பெட்டிக்குள் ஒளித்து ஏற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்பது ஏற்றுகிற எங்களுக்குத் தெரியும். பவர் பேங்க், லேப்டாப் பேட்டரி உங்கள் கையோடு. விமானத்தில் போகிறவர்களுக்கும் பவர் பேங்க் கைப்பையில்தான், பொதுவாக 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். வழக்கமான 3.7 வோல்ட்டில் அது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச்.

கத்திகளை அட்டைக்குள் வைத்து டேப் சுற்றி, கூர்ப்பக்கம் எது என்று எழுதுங்கள். பையைத் திறக்கும் கை எப்போதும் உங்களுடையதாக இருக்காது.

—

கடல்தாண்டி

வெளிநாட்டுக்கு மாறுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு குறிப்பு. மரக்கூண்டில் அனுப்பினால் அந்த மரம் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். வெப்ப முறை என்றால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், பூச்சி பரவாமலிருக்க இந்த ஏற்பாடு. வீட்டில் கிடந்த பலகையை அடித்துக் கூண்டு செய்து அனுப்பினால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பெட்டிக்குள் இருப்பதைச் சுங்கத்துக்குப் பொருள்வாரியாகக் காட்ட வேண்டும், 'பலசரக்கு' என்று எழுதினால் திறந்து பார்ப்பார்கள்.

—

நாலாவதுமாடி

பெயர் எழுதுவது பற்றி: மேல்மூடியில் எழுதாதீர்கள், அடுக்கினால் தெரியாது. இரண்டு பக்கச் சுவரில் எழுதுங்கள். நான் அறைக்கு ஒரு வண்ண டேப் ஒட்டுவேன், தூக்கி வருகிறவர் படிக்கக்கூட வேண்டாம்.

—

கணக்குப்புள்ளி

வண்ணம் நல்லது, ஆனால் எண்ணும் வேண்டும். ஒரு பெட்டி குறைந்தால் வண்ணம் சொல்லாது, எண் சொல்லும். வெளியே எண்ணும் அறையும் மட்டும் எழுதுங்கள், உள்ளே என்ன என்பது நோட்டில் இருக்கட்டும். 'கேமரா', 'வெள்ளி' என்று வெளியே எழுதுவது எல்லோருக்கும் அறிவிப்பதுதான்.

—

ஜன்னலோரம்

இந்த வாரம் புத்தகங்களில் தொடங்கிவிட்டோம். மகள் எண் எழுதுகிறாள், மாமியார் நோட்டில் பதிகிறார். போல்ட்டுகள் வாஷிங் மெஷினின் கையேட்டு உறையிலேயே இருந்தன, திருகாணிக்கு நன்றி.

கடைசியாக ஒன்று. அன்று மழை வந்தால் அட்டைப்பெட்டிகளும் மெத்தையும் என்ன ஆகும்?

—

பழையலோடு

அட்டைப்பெட்டிக்கு நனைவது மட்டுமல்ல, ஈரக்காற்றே பகை. ஈரம் இழுத்த அட்டை பாதி பலம்கூடத் தாங்காது, அதனால் கட்டிய பெட்டிகளை வெறும் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், கீழே பலகையோ தடித்த விரிப்போ போடுங்கள். மழை என்றால் எல்லாப் பெட்டியையும் வாசலுக்குக் கொண்டுவந்து குவிக்காமல், ஒவ்வொன்றாக உள்ளிருந்தே வண்டிக்கு ஏற்றச் சொல்லுங்கள். வண்டித் தளத்தில் முதலில் ஒரு தார்ப்பாய். மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை போடலாம், ஆனால் இறக்கிய உடனே கழற்றிக் காற்றோட்டமாக வையுங்கள். உறைக்குள் சிக்கிய ஈரம் ஒரு வாரத்தில் பூஞ்சையாகிவிடும். அப்புறம், அன்று ராத்திரிக்கு வேண்டிய படுக்கை விரிப்பு, மாற்றுத் துணி, சோப்பு, ஸ்க்ரூடிரைவர், சார்ஜர், கத்தரி எல்லாம் ஒரு பையில் போட்டு வண்டியில் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள். கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும்.